நகச்சாயம் காயும் வரை

ஐம்பத்தோராம் தெருவில் மூன்று படி ஏறினால் என் கடை.
இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஒரு ஃபிளாஸ்க்.
ரங்கூனில் எந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும்
வெறுந்தேநீர் சும்மாதான் வரும்.
தலைமுடி வெட்டுகிற இடத்தில் அதற்குக் காசு கேட்டால்
நன்றாகவா இருக்கும்?
கேட்பதில்லை.
நோட்டில் மட்டும் எழுதிவைக்கிறேன்:
இலை இவ்வளவு, கரி இவ்வளவு, உடைந்த கோப்பை ஒன்று.

யாருக்கு எதை எப்போது தருவது
என்பதற்கு என்னிடம் ஒரு முறை உண்டு.
டை போட்டவளுக்கு முழுக் கோப்பை,
நாற்பது நிமிடம் அவளால் எங்கும் போக முடியாது.
புருவத்துக்கு நூல் போடுகிறவளுக்குத் தண்ணீர்,
அழுது முடித்த பிறகு.
முகப்பூச்சு காய்கிறவளுக்கு உறிஞ்சுகுழல்;
சிரிக்க வைத்துவிடக் கூடாது, விரிசல் விடும்.
நகச்சாயக்காரிக்கு ஒன்றும் கிடையாது.
பத்து விரலையும் விரித்துக்கொண்டு
மழையில் நனைந்த காக்கை இறக்கை உலர்த்துவது போல
உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

லப்பே பெட்டியும் வைத்திருக்கிறேன்.
அரக்குப் பூசியது, ஆறு அறை.
நடுவில் ஊறிய தேயிலை, சுற்றிலும்
வறுத்த பயறு, எள்ளு, பூண்டு, கடலை, காய்ந்த இறால்.
அரசர் காலத்தில் வழக்குத் தீர்ந்தால்
இரண்டு தரப்பும் இதைத் தின்றுவிட்டுத்தான் எழுந்து போகுமாம்.
வருகிறவர்களிடம் சொல்வேன்.
தலையை ஆட்டிக்கொண்டே பயறை மட்டும் பொறுக்குவார்கள்.

குஞ்சரம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பதிவேட்டில் அவள் டோ சான் யீ.
எங்கள் எல்லோருக்கும் இரண்டு பெயர்,
திட்டுவதற்குத் தமிழ்ப் பெயர்.
மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்,
சிவப்பே போடு என்றாள்.
ஆறாவது விரலில் இருக்கும்போது
நரையை மறைக்க லோகாம்பாள் படியேறி வந்தாள்.

இருவருக்கும் நடுவில் பதினொரு லட்சம் க்யாட்.
சீட்டு நடத்தியவள் குஞ்சரம்,
மாதம் தவறாமல் கட்டியவள் லோகா.
ஒரு வருஷமாகப் பேச்சில்லை.
எனக்கு இருப்பதோ இரண்டே நாற்காலி.

“நகத்துக்குப் பூச மட்டும் காசிருக்கு”
என்றாள் லோகா, கண்ணாடியிடம்.
பாதி விலைதான் வாங்குகிறேன் என்று
நான் வாயைத் திறக்கவில்லை.
டை குழைத்துத் தடவி, பிளாஸ்டிக் உறை மாட்டி,
அவள் கையில் கோப்பையைக் கொடுத்தபோது
கரண்ட் போயிற்று.

சித்திரை வெயில். மின்விசிறி மூன்று சுற்று சுற்றி நின்றது.
ஜெனரேட்டரை இழுக்கக் கீழே இறங்கினேன்.
கயிறு இரண்டு தரம் ஏமாற்றியது.
மேலே இருமல் சத்தம், நிற்காத இருமல்.
கயிற்றுப் பிடியோடு மறுபடி ஏறி
இரண்டாம் படியில் நின்றுவிட்டேன்.

குஞ்சரத்தின் பத்து விரலும் காற்றில் அப்படியே.
கண்ணில் நீர்.
லோகா எழுந்துபோய்த்
தன் கோப்பையை அவள் வாயருகே நீட்டியிருந்தாள்.

“சூடு” என்றாள் குஞ்சரம்.

லோகா ஊதினாள்.
காதோரம் கறுப்பு வழிய வழிய ஊதினாள்.
ஒரு மிடறு இறங்கியதும் சொன்னாள்:
“மழைக்கு முன்னால் எட்டு லட்சமாவது.”
“இன்னும் கொஞ்சம்” என்றாள் குஞ்சரம்.
நாளைக் கேட்டாளா, டீயைக் கேட்டாளா?
லோகா கோப்பையைச் சாய்த்தாள்.

மூன்றாம் இழுப்பில் ஜெனரேட்டர் அலறியது.
அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

லப்பே பெட்டியை அன்று நான் திறக்கவில்லை.
எண்ணெய் சிக்கு நாற்றம் அடித்திருந்தது, அவ்வளவுதான்.
லோகா தலை அலசி, தன் காசை மட்டும் எண்ணி வைத்து,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனாள்.

சாயம் எப்போதோ காய்ந்துவிட்டது.
குஞ்சரம் எழுந்திருக்கவில்லை.
ஃபிளாஸ்கைக் கவிழ்த்து அடியில் கிடந்ததை
ஊற்றிக் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

தேநீர் ஆறிப்போயிருந்தது.
ஊதிவிட்டுத்தான் குடித்தாள்.